நேராக்கக் கூடாத வரிகள்

ஜமீலா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "முருகேஷ் பாய், நிங்க ஒண்ணு வரணும். அவர் இப்ப மிண்டுறதே இல்ல."

மிண்டுவது என்றால் வாய் திறந்து பேசுவது. அவர் என்றால் அன்வர், அவளுடைய கணவன், மட்டாஞ்சேரியில் என்னோடு ஒரே சந்தில் வளர்ந்தவன். மழைக்காலம் தொடங்கும் முன் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் தப்பித்துவிட்டன. பேச்சில் மட்டும் சொற்கள் இடம் மாறி வந்துகொண்டிருந்தன. இதுவரை எனக்குத் தெரிந்த கதை. அந்த இடம் மாறிய பேச்சும் இப்போது நின்றுவிட்டது என்பதுதான் புதிய செய்தி. நோய் கூடவில்லை, பேசினால் பேசலாம், பேசப் பேசத்தான் சரியாகும், பேசாமலே இருந்துவிட்டால் உள்ளதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவனோ ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா இருக்கிறான்.

ஆபத்து அடுத்த வீட்டில் இருக்கும்வரை கோயம்புத்தூரில் என்னைப் போலத் தைரியசாலி கிடையாது. அன்வருக்கு வந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அது எனக்கும் வந்துகொண்டே இருந்தது. காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "என் பெயர் முருகேசன், மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது" என்று சொல்லிப் பார்ப்பேன். சொற்கள் வரிசையில் நின்றால் நிம்மதி. ஒருநாள், "மேல் தண்ணீருக்குத் தொட்டி ஏறுகிறது" என்று வந்துவிட்டது. போய்ப் படுத்துக்கொண்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, நாக்கு ஒத்துழைக்காதவருக்குக் காப்பி வேண்டாம்தானே என்று விசாரித்தாள். எழுந்துவிட்டேன்.

பம்புசெட்டுகளுக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் பிழைப்பு. சரியாகச் சொன்னால், வாக்கியத்தை முடித்துத் தருவது. யாராவது ஒருவர் "விவசாயியின்..." என்று இழுத்தால் "நண்பன்" என்று போட்டு முடிக்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் பேசாத மனிதனைப் பேச வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

எப்படிப் போனேன் என்பதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. எர்ணாகுளத்தில் இறங்கியபின் என்ன செய்தேன் என்பதில்தான் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்குப் படகு எங்கிருந்து புறப்படும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கால்கள் என்னைப் படகுத்துறைக்குக் கொண்டுபோகவில்லை. பிராட்வே கடைத்தெருவில் புகுந்து நோயாளிக்கு ஆரஞ்சு வாங்கின, அப்புறம் ரொட்டி வாங்கின, அப்புறம் யாருக்கென்று தெரியாமல் ஒரு குடை வாங்கின. பிறகு கண்ணில் பட்ட பேருந்தில் ஏறின. அது மீன்பிடித் துறைமுகம் இருக்கும் தோப்பும்படியில் என்னை இறக்கிவிட்டது. வழி தவறவில்லை. பயந்திருந்தேன், அவ்வளவுதான்.

மீன்பிடித் துறைமுகத்தின் வாசனை சட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் வாசனை. கோயம்புத்தூரில் நான் பேருந்திலிருந்து இறங்கினால் பருத்தி மூட்டையும் டீசலும் மணக்கும். அவை மரியாதை தெரிந்த மணங்கள், தள்ளி நிற்கும். சாயாக்கடையில் வேகவைத்த கப்பையும் மத்திக் குழம்பும் வைத்தார்கள். மரவள்ளிக்கிழங்கை எங்கள் ஊரில் சிப்ஸ் போட்டு வீணாக்குகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். முதல் வாயிலேயே பயத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதிக்காக இன்னொரு தட்டு வாங்கினேன்.

ஆட்டோக்காரர் என் தமிழைக் கேட்டதும் தன் தமிழுக்கு மாறினார். "சேட்டனுக்கு மட்டாஞ்சேரி போவணும்னா இவிடே எதுக்கு வந்தது?" சாப்பிட வந்தேன் என்றேன். கண்ணாடியில் என் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். "ஆசுபத்திரிக்காரங்க முகம் எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய தாத்தா முனிசிபாலிட்டி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவராம். தமிழ் பேசுவார், வாசிக்க மலையாளம்தான் வரும். என் அப்பாவும் அதே முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் திறந்துவிடுகிறவராக இருந்தார் என்று சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் லாரி ஒன்று எங்களுக்கு மிக நெருங்கிய உறவாகப் பார்த்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பயப்படறதுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, அவருக்கும் வேற சோலி இருக்கும் என்றார்.

எங்கள் சந்து அப்படியேதான் இருந்தது, நான் மட்டும் அகலமாகிவிட்டேன். சிறுவயதில் அங்கே தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, அன்வர் வீட்டு தக்னி உருது என்று எல்லாம் ஒரே சாக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தன. விளையாட்டு தமிழில், சண்டை மலையாளத்தில். காய்ந்த இஞ்சியும் மிளகும் அடைத்த கிடங்குகள் இரண்டு பக்கமும். வெயில் ஏறினால் அந்தத் தெருவே தும்மும். இப்போது பாதிக் கிடங்குகளில் பழைய பொருள் கடைகள். எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்தது போன்ற ஒரு ஜாடியைக் கண்ணாடிக்குள் நிறுத்தி விளக்குப் போட்டிருந்தார்கள். ஆனாலும் சந்தின் மூலையில் திரும்பியபோது எங்கிருந்தோ ஒரு இஞ்சி மணம் வந்து என்னைத் தும்ம வைத்தது. பள்ளிக்கூடப் பை தோளில் இருப்பதுபோல் ஒரு கணம் தோளைத் தொட்டுக்கொண்டேன்.

அன்வர் என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். பிடி பழைய பிடிதான். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நகைச்சுவைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வானொலிகூட நடுவில் பாட்டுப் போடும், நான் போடவில்லை. கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அன்வர் வெளியே பார்த்தபடி, "மழை..." என்றான்.

இத்தனை நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் சொல். வீடே அதன்மேல் பாய்ந்தது. ஜமீலா, ஜன்னலைச் சாத்தணுமா என்றாள். அவர்கள் மகள் ஷிஃபா உள்ளேயிருந்து ஓடிவந்து, துணியை எடுத்தாச்சு வாப்பா என்றாள். நான் சும்மா இருப்பேனா? மழை வருது, மழை விட்டுச்சு, மழையில நனையணும், மழைக்குச் சூடா ஏதாச்சும் வேணும் என்று நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சை மாதிரி அடுக்கினேன். அன்வர் என்னைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். பெட்டிக்கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கடையைச் சாத்துவது போல இருந்தது அது.

ராத்திரி அப்பமும் இறைச்சிக் கறியும். பாத்திரம் கழுவுமிடத்தில் ஜமீலா தணிந்த குரலில், முதலில் எல்லாம் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார் என்றாள். ஒருநாள், 'மூடிச்சு என்னை, கதவு' என்றாராம். இவள், கதவை மூடணும்னு சொல்லுங்க என்று திருத்தியிருக்கிறாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். இவள் திரும்பவும் திருத்தினாள். இப்படியே.

'மூடிச்சு என்னை, கதவு.' எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜமீலா, இது மாடியில வாசிப்பாங்களே அந்தப் பாரசீக வரிகள் மாதிரியே இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "கவிதைன்னு சொல்லிட்டு நிங்க நாளன்னிக்கு வண்டியேறிடுவீங்க. இவிடே எனக்கு அவர் எந்த மாத்திரை கேக்கறாருன்னு தெரியணும்."

தட்டைத் துடைத்தேன்.

அந்தப் பாரசீக வரிகளைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அன்வர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கும். அவன் அப்பா காலத்தில் தொடங்கியது. மிளகுத் தரகர், தையற்காரர், கப்பல் கம்பெனி குமாஸ்தா என்று நாலைந்து பேர் பழைய பாரசீகக் கவிதைகளை வாசிப்பார்கள். வீட்டில் தக்னியோடு பாரசீகமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். நானும் அன்வரும் பழம்பொரிக்காக, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜிக்காக, மாடியேறிப் போவோம். பழம்பொரி தீர்ந்தபின் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்போம். அன்வருக்கு அந்த மொழி படிப்பாக வந்தது. எனக்குக் காதில் ஒட்டிய அளவுக்குத்தான். அதனால் அந்தப் பழைய வரிகளை இங்கே எடுத்துச் சொல்லி நாசமாக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தக் கவிஞர்களிடம் சரக்கு மிகவும் கொஞ்சம். ரோஜா, குயிலைப் போல ஒரு பறவை, மெழுகுவர்த்தி, விட்டில், கோப்பை, அவள் கூந்தல். நூற்றாண்டுக்கணக்காக இதே சரக்கு. எங்கள் பம்புசெட்டுக்காவது வருடத்துக்கு ஒரு புது மாடல் வரும். அப்படியிருந்தும் ரோஜா வாடவில்லை என்றால் காரணம், அதை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதுதான். தமிழ் மாதிரியே அங்கேயும் வினைச்சொல் கடைசியில் வரவேண்டிய ஆள். கவிஞர் அவரை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்திவிடுவார். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டுகிறேன். காலையில் ரோஜா பூத்தது என்றால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. காலண்டரைக் கிழித்துவிட்டுப் போய்விடுவீர்கள். 'பூத்தது, நான் போவதற்குள், காலையை, ரோஜா' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் பூத்தல் மட்டும் தனியாக நிற்கிறது, பூ இல்லாமல். எது பூத்தது என்று காத்திருக்கிறீர்கள். காத்திருக்கும்போது கண் திறந்துகொள்கிறது. அப்புறம் பார்த்தால் ரோஜா தன்னைப் பூக்கவில்லை, காலையையே பூத்துவிட்டிருக்கிறது. அந்த ரோஜாவை நீங்கள் முன்பு பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர் எதிர். செய்யுளைக் கொடுத்ததும் சொற்களை உரைநடை வரிசைக்கு மாற்றி எழுதச் சொல்வார்கள். மலையாள வகுப்பில் அதற்கு அன்வயம் என்று பெயர். நம் பக்கத்தில் கொண்டுகூட்டு. நான் அதில் புலி. மாடியிலோ அது குற்றம். ஒருவர் ஒரு வரியைச் சொன்னால், மற்றவர்கள் அதை உள்ளது உள்ளபடியே திருப்பிச் சொல்ல வேண்டும், எத்தனை முறை தேவையோ அத்தனை முறை. சொன்னவர் தானாக அடுத்த வரிக்குப் போகும்வரை யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது, பொருள் கேட்கக் கூடாது, சொற்களை நேராக்கிச் சொல்லக் கூடாது. நேராக்கியவன் எழுந்து கீழே போய் எல்லோருக்கும் சாயா தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த மாடிப்படி என் பாதங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை புட்டும் கடலையும் முடித்துவிட்டு ஷேணாயைப் பார்க்கப் போனேன். கொங்கணிக்காரர், அப்பளக் கடை வைத்திருக்கிறார், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். கூட்டத்தில் பாரசீகத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்து வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான். உச்சரிப்பில் உளுந்து வாசம் வரும் என்று அன்வர் கேலி செய்வான். அன்வருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து கூட்டத்தைத் தன் கடையின் பின்னால் நடத்துவதாகச் சொன்னார். அவன் காதில் விழுந்தால் வருத்தமாக இருக்குமே என்று.

எனக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. என் ஞானம் பிறக்கும்போதெல்லாம் யாருக்காவது செலவோ சேதமோ வரும். நாளைக்கே கூட்டத்தை அன்வர் வீட்டு மாடியில் வைத்துவிடலாம் என்றேன். பழைய பாட்டு காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஷேணாய் அப்பளக் கட்டின் நூலைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். "திறக்கலைன்னா?" என்று கேட்டார். நான் உரக்கச் சிரித்தேன்.

ஜமீலா சிரிக்கக்கூட இடம் தரவில்லை. வீட்டுக்குள்ளே தோற்றால் வீட்டோடு போகும். அவர் பெரியவராக உட்கார்ந்திருந்த சபையில் வாய் குழறி நின்றால் அப்புறம் அவர் ஆயுசுக்கும் பேச மாட்டார் என்றாள். அவள் சொன்னது சரி. சரி, வேண்டாம், நான் ஒரு மடையன் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தோம். அன்வர் மாடியில் சுருட்டி வைத்திருந்த ஜமக்காளத்தைத் தனியாக இழுத்து விரித்துக்கொண்டிருந்தான். ஒரு மூலை மடங்கியிருந்தது. ஜமீலா போய் அதை நீவிவிட்டாள்.

ஞாயிறு முழுவதும் நான் செய்த காரியம், பயத்தில் கழிவறைக்குப் போய் வருவது. ஒன்றுமில்லாத நேரத்தில் படகுத்துறைப் பக்கம் நடந்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண் கிடங்குச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கூட்டிவந்த ஆள் அது இருநூறு வருடச் சுவர் என்றான். போன வருஷம் மழையில் விழுந்து கட்டினதில்லையா என்று அருகே மீன் விற்றுக்கொண்டிருந்தவர் மலையாளத்தில் கேட்டார். சுவரைக்கூட இந்த ஊரில் தானாகப் பேச விட்டால்தானே.

மூன்று பேர் வந்தார்கள். ஷேணாய் ஒரு கட்டு அப்பளத்தோடு, மிளகுத் தரகர் சையத் பாய் ஒரு பொட்டலம் பேரீச்சையோடு, தையற்காரர் ஹனீஃப் வெறும் கையோடு. வந்தவர்கள் எல்லோரும் காது கேளாதவனிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். ஆள் தேறியாச்சு, முகத்தில் தெளிச்சம் வந்தாச்சு. அன்வர் ஏதோ சொல்ல உதடு பிரித்தபோதெல்லாம் மூன்று பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணியா, மின்விசிறியா, தலையணையா. அன்வர் தரையைப் பார்க்க ஆரம்பித்தான். எனக்குள் ஒரு குரல், முருகேசா, இப்போது போனால் சாயங்கால வண்டி கிடைக்கும் என்றது.

அப்போது சையத் பாய் தொண்டையைச் செருமி ஒரு வரியை எடுத்தார். மெழுகுவர்த்தியும் விட்டிலும்தான். ஆனால் விட்டில் வருவதற்கு முன்பே சாம்பல் வந்துவிடும் வரி. மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். மறுபடியும். யாரும் முந்தவில்லை. பேச்சில் இருந்த அவசரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அறைக்குள் எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஹனீஃப் ஒன்று சொன்னார். ஷேணாய் உளுந்து வாசத்தோடு ஒன்று சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழைய சத்தங்கள். அன்வரின் அப்பா பாதி வரியில் நிறுத்திவிட்டு மீசையைத் தடவுவார். நாங்கள் அந்தப் பாதி வரியில் தொங்கிக்கொண்டிருப்போம். கீழே சந்தில் என் அப்பா குழாயைத் திறந்துவிட்டு வீடு வீடாகக் குரல் கொடுத்துக்கொண்டு போவார். மேலே வரி, கீழே தண்ணீர்.

முறை அன்வருக்கு வந்தது.

அவன் வெகுநேரம் கழித்து ஒரு வரியைத் தொடங்கினான். பழைய கவிஞருடையது அல்ல, அவனே இருபது வயதில் அந்தப் பழைய பாணியில் பாரசீகத்தில் கட்டியது. அதை அவன் கட்டிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். சொற்களின் வரிசை மாறாமல் தமிழில் சொன்னால் முதல் வரி இப்படி: 'எரிந்து முடிந்தது, ஏற்றும் முன்பே...'

அங்கே நின்றுவிட்டான். உதடு அசைகிறது, சொல் வரவில்லை. மற்ற மூவரும் வரியைத் திருப்பிச் சொன்னார்கள். எரிந்து முடிந்தது, ஏற்றும் முன்பே. அவன் நெற்றி வேர்த்தது. அந்த இடைவெளி என் தொழிலுக்கே அவமானம். மூச்சு முட்டியது, காது அடைத்தது. மூன்று பேரும் இரண்டாவது முறை திருப்பிச் சொல்வதற்குள் என் வாய் தானாகத் திறந்து, "வாசலில் நீ வைக்காத விளக்கு" என்று சொல்லிவிட்டது.

போதாதென்று விளக்கமும் சொன்னது: "விளக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே எரிஞ்சு முடிஞ்சுட்டது, அதானேடா?"

அன்வரின் முகத்தில் அந்தப் பலகைகள் ஏறத் தொடங்கின. ஷேணாய் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கையை நீட்டி மாடிப்படியைக் காட்டினார். கோபமே இல்லை. கூட்டத்தின் விதி அது.

"சாயா" என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் நான் எழுந்து கீழே போனேன். சமையலறையில் ஜமீலா சட்டியில் பால் பொங்குவதைக் கவனிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். கெடுத்துட்டேன் என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். நாங்கள் இருவரும் மேலே பார்த்தபடி நின்றோம்.

மேலே மூன்று குரல்கள். எரிந்து முடிந்தது, ஏற்றும் முன்பே. சிறிது நேரம் கழித்து மறுபடி அதே. நான் சொன்ன விளக்கு அங்கே இல்லவே இல்லை. அவன் நிறுத்திய இடத்தில்தான் அவர்களும் நிறுத்தினார்கள். வீதியில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. மறுபடி அதே வரி. நான் மேலே ஓடிவிடப் போனேன், ஏதாவது செய்ய. ஜமீலா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அன்வரின் குரல். பாரசீகம் இல்லை. அவன் வீட்டு தக்னி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இடம் மாறி. அதன் வரிசையிலேயே சொல்கிறேன்:

"பேசறாங்க, என் வாய்க்குள்ள, எல்லாரும். உக்கார எடமில்ல எனக்கு."

பிறகு சையத் பாயின் கனத்த குரல் அதைத் திருப்பிச் சொன்னது, ஒரு சொல்லையும் நகர்த்தாமல். ஹனீஃப் சேர்ந்துகொண்டார். ஷேணாய் சேர்ந்துகொண்டார். பேசறாங்க, என் வாய்க்குள்ள, எல்லாரும். உக்கார எடமில்ல எனக்கு. யாரும் அதற்கு வாஹ் என்று சொல்லவில்லை, அழகு என்று சொல்லவில்லை. அது கவிதையா என்று எனக்கும் தோன்றவில்லை. அவன் வாய் ஒரு வீடு மாதிரியும், அதற்குள் நான், ஜமீலா, ஷிஃபா, டாக்டர் எல்லோரும் செருப்போடு ஏறி உட்கார்ந்திருப்பது மாதிரியும், வீட்டுக்காரன் வாசலில் நிற்பது மாதிரியும் கண்ணில் தெரிந்தது. நேராக்கிச் சொல்லியிருந்தால், என்னைப் பேச விடுங்கள் என்றாகியிருக்கும். அதை நாங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்திருப்போம்.

ஜமீலா என் சட்டையை விட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் ஏதோ ஆரம்பித்தேன். "மதி, முருகேஷ் பாய்" என்றாள் பொத்திய வாய்க்குள்ளிருந்து. போதும் என்பது. போதும்தான்.

சாயாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அன்வர் என் கையிலிருந்து கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது. சர்க்கரை குறைவு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், சும்மா சொல்லவில்லை, பல்லால். ஜமீலா படியின் மேல்விளிம்பில் நின்றாள், கையில் பொரித்த அப்பளத் தட்டோடு. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அப்பளம் நமுத்துக்கொண்டிருந்தது.

"இது... சூடு போச்சு... எங்க?" என்றான்.

ஜமீலா ஒன்றும் திருத்தவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு கீழே போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பம்புசெட் விளம்பரம் ஆகிவிடும். திங்கட்கிழமை காலை அவன் பத்திரி என்கிற அரிசி ரொட்டி வேண்டும் என்று சொல்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று, அதற்குள் பத்திரி அட்டை மாதிரி ஆகிவிட்டது. மாத்திரைக்கு ஜமீலா பட்டைகளை எடுத்துக் கண்முன் நீட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒருமுறை பொறுமையிழந்து, நீலமா என்று கேட்டுவிட்டாள். அன்வர் விரலால் மாடிப்படியைக் காட்டினான். ஷிஃபா சிரித்ததில் அவளுக்கு வங்கி வேலைக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

என்னை வழியனுப்ப அவனே படகுத்துறைவரை வந்தான். வாசலைத் தாண்டியதும், "முருகா..." என்று தொடங்கினான். நின்றேன். அவன் நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான், நடந்தோம். சந்து முனையில் மறுபடி, "தனியா..." என்றான். தனியாக விட்டுப் போகிறாயே என்கிறான். ஆனால் நான் சொல்லவில்லை. மீன் வண்டி ஒன்று எங்களை ஒதுங்கச் செய்தது. கிடங்கு ஓரத்தில் மிளகுச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இருவரும் தும்மினோம். "தனியா இருக்கு..." என்றான். நானும் அப்படித்தான் இருக்கிறேன்டா என்று கோயம்புத்தூர், என் மனைவி, பம்புசெட்டுகள் எல்லாவற்றையும் மறந்து சொல்லத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்படியொரு பிரிவுரை எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. அதைக் கெடுக்க மாட்டேன்.

படகு வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கயிற்றை அவிழ்ப்பவர் என்னைப் பார்த்து, வருந்நுண்டோ என்று கேட்டார். நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். அன்வர் என் தோளைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினான். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"தனியா இருக்கு... வீட்டுல... உன் பை."

படகு போய்விட்டது. நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். ஒன்றில் குடை, இன்னொன்றில் ஒன்றுமில்லை. ராத்திரி நான் படுத்த மாடியில், ஜமக்காளத்தின் ஓரமாய், சுவரில் சாய்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் என் பயணப் பை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பத்து வருடமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், அன்றுதான் பார்த்தேன்.

அன்வர் சத்தம் போட்டுச் சிரித்தான். திரும்பி நடந்தோம். மிளகுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் இன்னொரு வாக்கியத்தைத் தொடங்கினான்.